வளர்த்த கழகத்தை விட்டு இளம் ரக்பி லீக் வீரர்கள் போவது ஏன்?

கேள்வி: செந்தூரன்

ரக்பி லீக் ஆட்டத்தை நெடுங்காலமாகக் கவனித்து வருபவர்கள் இங்கே சிலர் இருப்பதால் இதைக் கேட்கிறேன். ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் போட்டியான என்.ஆர்.எல்.-இல் பென்ரித் பேந்தர்ஸ் கழகம் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றது. அந்த அணியின் முதுகெலும்பாக இருந்தவர்களில் பலர் அக்கழகத்தின் இளையோர் அணிகளிலேயே வளர்ந்தவர்கள். அப்படியிருந்தும் ஒவ்வொரு பட்டத்தையும் அடுத்து யாராவது வெளியேறிக்கொண்டே இருந்தார்கள். மாட் பர்ட்டன் 2021 இறுதியாட்டத்தை வென்ற பிறகு கேன்டர்பரி புல்டாக்ஸுக்குப் போனார். ஸ்டீஃபன் கிரைட்டன் 2023 முடிவில் அதே கழகத்தில் சேர்ந்தார். ஜரோம் லுவாய் 2024 பட்டத்தோடு விடைபெற்று வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்கு மாறினார்.

வெற்றி பெறும் கழகத்துக்கே இந்த நிலை என்றால், அட்டவணையின் அடியில் கிடக்கும் கழகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லாக்லன் கால்வின் 19 வயதில், 2026க்குப் பின் ஒப்பந்தத்தை நீட்டிக்க விருப்பமில்லை என்று வெஸ்ட்ஸ் டைகர்ஸிடம் தெரிவித்தார். 2025 பருவம் முடியும் முன்பே புல்டாக்ஸுக்குப் போய்விட்டார். டைகர்ஸ் அவருக்குப் பெருந்தொகையில் பல ஆண்டு ஒப்பந்தத்தை முன்வைத்திருந்ததாகச் செய்திகள் வந்தன. ஆகவே இதைப் பணத்தாசை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியவில்லை.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. கால்பந்தில் ஒரு வீரர் கழகம் மாறும்போது பழைய கழகத்துக்குத் தொகை கிடைப்பதைப் போல இங்கே ஏன் கிடைப்பதில்லை? இங்கிலாந்திலும் இதே நிலைதானா? இளையவர்களைத் தக்கவைப்பதில் ஒரு கழகம் உண்மையிலேயே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? கடைசிக் கேள்விக்குச் சொந்தக் காரணமும் இருக்கிறது. என் உறவினரின் மகன் 17 வயதில் ஒரு கழகத்தின் இளையோர் அணியில் ஆடுகிறான். வேறொரு நகரத்துக் கழகம் அவனை அழைத்திருக்கிறது. பெற்றோர் என்னிடம் கருத்துக் கேட்கிறார்கள். எனக்கோ ஆட்டத்தைப் பார்க்கத்தான் தெரியும்.

பதில்: கணக்கர்

செந்தூரன் அவர்களே, பென்ரித் கழகம் வீரர்களை இழந்ததை ஒரு தோல்வியாக எண்ணாதீர்கள். என்.ஆர்.எல். எதற்காக வடிவமைக்கப்பட்டதோ அதுதான் அங்கே நடந்தது. ஒவ்வொரு கழகமும் தன் முதன்மைப் பட்டியலில் உள்ள 30 வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று ஒரு சம்பள உச்சவரம்பு உண்டு. 2023இல் அது 1 கோடியே 21 லட்சம் ஆஸ்திரேலிய டாலராக இருந்தது. பணக்காரக் கழகம் எல்லா நல்ல வீரர்களையும் குவித்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். அந்த வரம்பு, வெளியிலிருந்து விலைக்கு வாங்கிய வீரரையும் 13 வயதிலிருந்து தானே வளர்த்த வீரரையும் ஏறத்தாழ ஒரே கண்ணால்தான் பார்க்கிறது. நீண்டகாலம் ஒரே கழகத்தில் நீடித்தவர்களுக்கும் கழகமே வளர்த்தவர்களுக்கும் சிறு சலுகை உண்டு என்றாலும், ஒரு நட்சத்திர வீரரின் சம்பளத்துக்கு முன்னால் அது சில்லறைதான்.

ஓர் இளையோர் அணியிலிருந்து ஒரே காலத்தில் ஐந்தாறு பேர் மேலே வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ஆண்டுகள் அவர்கள் குறைந்த சம்பளத்தில் ஆடுவார்கள். அதனால்தான் அந்த அணி பட்டமும் வெல்கிறது. பட்டம் வென்றதும் அவர்கள் மாநில அணிகளுக்கும் நாட்டு அணிகளுக்கும் தேர்வாகி, எல்லோருடைய விலையும் ஒரே சமயத்தில் ஏறிவிடுகிறது. அவர்களில் எவரையும் கழகத்தால் தக்கவைக்க முடியும், எல்லோரையும் முடியாது. பென்ரித் தெளிவாக இருந்தது இந்த இடத்தில்தான். நேதன் கிளியரி, ஐசையா யோ, டிலன் எட்வர்ட்ஸ் ஆகியோர் எந்த விலையிலும் இருக்க வேண்டியவர்கள் என்று முடிவு செய்து, மற்ற இடங்களைக் கீழிருந்து வருபவர்களைக் கொண்டு நிரப்பியது. யாரைப் போகவிடுவது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கும் கழகம்தான் பிழைக்கிறது என்பது என் கருத்து. எல்லோரையும் இறுகப் பிடித்துக்கொள்ள முயன்ற கழகங்கள், நடுத்தர வீரர்களுக்கு அளவுக்கு மீறிக் கொடுத்துவிட்டு, உண்மையான திறமைசாலியின் ஒப்பந்தம் முடியும் வேளையில் கையை விரித்து நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

இன்னொரு விதியையும் கவனிக்க வேண்டும். ஒரு வீரரின் ஒப்பந்தம் அடுத்த பருவத்தின் முடிவில் தீர்கிறது என்றால், அதற்கு முந்தைய நவம்பர் 1ஆம் தேதி முதலே அவர் பிற கழகங்களுடன் பேசலாம். இதனால் ஒருவர் வேறு கழகத்தில் கையெழுத்திட்டுவிட்டு, முழுப் பருவமும் பழைய கழகத்தின் சட்டையை அணிந்து ஆடும் விந்தை நிகழ்கிறது. 2021இல் பர்ட்டனும் 2024இல் லுவாயும் அப்படித்தான் ஆடினார்கள். இருவரும் பட்டத்தோடுதான் போனார்கள் என்பதால் பென்ரித் ரசிகர்கள் அதிகம் கசந்துகொள்ளவில்லை. தோற்கும் கழகத்தில் அதே நிலை வந்தால் ஒவ்வொரு தவறவிட்ட பந்துக்கும் அந்த இளைஞனுக்குத்தான் வசை விழும்.

நீண்ட ஒப்பந்தம் போட்டுவிட்டால் போதும் என்பதும் உண்மையன்று. பாராமட்டா ஈல்ஸில் வளர்ந்த டிலன் பிரவுனுக்கு அங்கே நெடுங்கால ஒப்பந்தம் இருந்தது. ஆனால் இடையில் வெளியேறும் தெரிவு அதில் வீரரின் கையில் இருந்தது. 2025 மார்ச்சில் அவர் நியூகாசில் நைட்ஸுடன் பத்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தமானார். அதன் மதிப்பு 1 கோடியே 30 லட்சம் டாலர் என்று செய்திகள் வந்தன. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் உள்ள ஆண்டுகளின் எண்ணிக்கையைவிட உள்ளே இருக்கும் தெரிவு யாருடையது என்பதே பெரிது.

பதில்: நெறிமன்றம்

இழப்பீடு பற்றிய முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் அதன் விடை ஆடுகளத்தில் இல்லை, நீதிமன்றத்தில் இருக்கிறது.

ஒரு காலத்தில் சிட்னியிலும் கழகங்கள் மாற்றுக் கட்டணம் கேட்டன. அதைவிடக் கடுமையாக, ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒரு வீரரைத் தன் 'தக்கவைப்புப் பட்டியலில்' போட்டு, அவர் வேறெங்கும் ஆடாதபடி தடுக்க ஒரு கழகத்தால் முடிந்தது. பால்மெய்ன் கழகத்தின் டென்னிஸ் டட்டி இதை எதிர்த்து 1969 பருவம் முழுவதும் ஆடாமல் ஒதுங்கி நின்றார். அந்த ஆண்டு பால்மெய்ன்தான் பட்டம் வென்றது. அவர் அதில் இல்லை. வழக்கு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒரு மனிதன் தன் தொழிலைச் செய்யும் உரிமைக்கு அந்த விதிகள் நியாயமற்ற தடையாக இருக்கின்றன என்று 1971இல் தீர்ப்பு வந்தது. இன்று கோடிகளில் ஒப்பந்தம் பேசும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியுமோ!

பின்னர் 1990களின் தொடக்கத்தில் லீக் நிர்வாகம் வேறு வழியை முயன்றது. ஒப்பந்தம் முடிந்த வீரர்களை ஒரு பொதுப் பட்டியலில் வைத்து, அட்டவணையில் கடைசியாக வந்த கழகம் முதலில் தேர்ந்தெடுக்கலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. டெர்ரி ஹில் என்ற இளைஞர் வெஸ்டர்ன் சபர்ப்ஸில் சேர விரும்பினார். அந்த முறையோ அவரை ஈஸ்டர்ன் சபர்ப்ஸில் கொண்டுபோய் நிறுத்தியது. வீரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1991இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த முறையையும் செல்லாது என்று கூறிவிட்டது. வீரர் எங்கே வேலை செய்வது என்பதை வீரரைக் கேட்காமல் தீர்மானிக்க முடியாது என்பது இந்த இரு தீர்ப்புகளாலும் அழுத்தமாக நிலைநாட்டப்பட்டது. அதனால்தான் ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் கழகங்கள் பொதுவாக ஒன்றுக்கொன்று மாற்றுக் கட்டணம் செலுத்துவதில்லை.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே மாற்றுக் கட்டணம் நெடுங்காலம் சிறு கழகங்களின் வருமானமாகவே இருந்தது. மார்ட்டின் ஒஃபையாவை 1992இல் விட்னஸ் கழகம் விகனுக்கு 4,40,000 பவுண்டுக்குக் கொடுத்தது. அன்று அது சாதனைத் தொகை. கால்பந்தில் 1995இல் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரருக்குக் கட்டணம் கேட்பது ஐரோப்பா எங்கும் கடினமாயிற்று. ஒப்பந்தக் காலத்துக்குள் விட்டுக்கொடுத்தால் தொகை உண்டு. காத்திருந்தால் ஒன்றும் இல்லை.

என் பார்வையில், வீரரின் கையைக் கட்டாமல் வளர்த்த கழகத்துக்கு ஈடுசெய்ய ஒரு வழிதான் இருக்கிறது: தொகையை வாங்கும் கழகம் கொடுக்காமல், தொலைக்காட்சி வருமானத்திலிருந்து லீக் நிர்வாகமே கொடுக்க வேண்டும். அப்போது வீரரின் விலையில் எந்தச் சுமையும் ஏறாது. நீதிமன்றம் தலையிடக் காரணமும் குறையும். இளையோரை வளர்க்கும் நாற்றங்கால் வைத்திருக்காத கழகங்கள் இதற்கு எளிதில் ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு விஷயம்.

பதில்: வடபுலத்தான்

இங்கிலாந்தைப் பற்றி நண்பர் கேட்டதால் எழுதுகிறேன். அங்குள்ள முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கின் கழகங்களுக்கு அடிப்படைச் சம்பள உச்சவரம்பு பல ஆண்டுகளாக 21 லட்சம் பவுண்ட். ஆஸ்திரேலிய வரம்போடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. குறிப்பிட்ட சில சிறப்பு வீரர்களுக்கு வரம்புக்கு மேல் கொடுக்க விதிவிலக்கு உண்டு என்றாலும், அதை வைத்து ஓர் அணியையே காப்பாற்ற முடியாது. சாம் பர்ஜஸ் பிராட்ஃபோர்டை விட்டு 2010இல் சவுத் சிட்னிக்குப் போய், 2014 இறுதியாட்டத்தில் முதல் மோதலிலேயே கன்ன எலும்பு முறிந்தும் கடைசி வரை ஆடிப் பட்டம் வென்றார். அதன் பிறகு சிட்னியும் கான்பெராவும் நியூகாசிலும் யார்க்‌ஷயர், லங்காஷயர் இளைஞர்களைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கின. ஜான் பேட்மன், மார்கன் ஸ்மிதிஸ், காய் பியர்ஸ்-பால், லூயிஸ் டாட் என்று அந்தப் பட்டியல் நீளுகிறது.

இவர்களில் டாம் யங்கின் கதைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஹடர்ஸ்ஃபீல்ட் கழகத்தில் முதல் அணிக்காக மிகச் சில ஆட்டங்களே ஆடியிருந்த நிலையில் அவர் நியூகாசிலுக்குப் போனார். 2023இல் அங்கே ஒரே பருவத்தில் 25 டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது) அடித்தார். ஹடர்ஸ்ஃபீல்ட் இழந்தது ஒரு நட்சத்திரத்தை அல்ல. தன்னிடம் நட்சத்திரம் இருக்கிறது என்று அறியும் வாய்ப்பையே இழந்தது. 18, 19 வயதில் ஒருவனை மதிப்பிடுவது அவ்வளவு கடினம். அந்த மதிப்பீட்டில் தூரத்துக் கழகம் ஒன்று உள்ளூர்க் கழகத்தைவிடத் துணிச்சலாக இருக்கிறது. தவறினாலும் அதற்கு நட்டம் சிறிது.

ரக்பியின் மற்றொரு வடிவமான ரக்பி யூனியனையும் மறந்துவிடக் கூடாது. லீக் ஆட்டம் பிறந்ததே 1895இல் ஹடர்ஸ்ஃபீல்ட் ஜார்ஜ் ஹோட்டலில், ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாத நாளின் கூலியைத் தொழிலாளி வீரர்களுக்கு ஈடுகட்ட வேண்டும் என்று வடக்குக் கழகங்கள் பிரிந்தபோது. நூறாண்டுக் காலம் பணம் இங்கே இருந்தது. அதனால் வேல்ஸின் ஜொனதன் டேவிஸ் போன்றவர்கள் யூனியனை விட்டு லீக்குக்கு வந்தார்கள். 1995இல் யூனியன் வெளிப்படையாகத் தொழில்முறை ஆட்டமானதும் காற்று திசை மாறியது. ஜேசன் ராபின்சனும் ஆண்டி ஃபாரலும் விகனை விட்டு அங்கே போனார்கள். ஃபாரலின் மகன் ஓவன் விகனில் பிறந்தவர். தொழில்முறையில் அவர் ஆடியது யூனியன்.

இவையெல்லாம் செய்தித்தாளில் வரும் இழப்புகள். நான் பெரிதாக நினைக்கும் இழப்பு செய்தியில் வருவதே இல்லை. கழகத்தின் பயிற்சிக்கூடத்தில் 16 வயதில் சேரும் ஒரு பையன் 19 வயதில் அதை முடிக்கிறான். அங்கிருந்து முதல் அணிக்கு இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. 19 வயதுக்காரன் 28 வயதுக்காரனோடு மோதி நிற்க உடலுக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் வேண்டும். குறிப்பாக முன்வரிசை வீரர்கள் 23, 24 வயதில்தான் முழு வலிமைக்கு வருகிறார்கள். அந்த இடைக்காலத்தை நிரப்ப வேண்டியது இரண்டாம் அணி. ஆனால் செலவு மிச்சம் என்று பல கழகங்கள் நெடுநாள் இரண்டாம் அணியே நடத்தவில்லை. அதற்குப் பதிலாக, ஒரே நேரத்தில் இரு கழகங்களில் பதிவாகி ஆடும் இரட்டைப் பதிவு முறையில், இரண்டாம் நிலைப் போட்டியான சாம்பியன்ஷிப்பின் கழகங்களுக்குப் பையன்களை அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு பயிற்சியாளரிடம் ஒரு தடுப்பு முறையைக் கற்று, ஞாயிற்றுக்கிழமை முன்பின் தெரியாத அணியில் வேறொரு முறையில் ஆடி, வீட்டிற்கு வந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞன் எந்தக் கழகத்தைத் தன் கழகம் என்று நினைப்பான்? அவர்களில் பலர் சிட்னிக்கும் போவதில்லை, யூனியனுக்கும் போவதில்லை. 21 வயதில் கட்டட வேலைக்கோ கல்லூரிக்கோ போய், வாரக் கடைசியில் உள்ளூர் அமெச்சூர் கழகத்தில் ஆடுகிறார்கள், அல்லது ஆடுவதையே விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் அணிப் போட்டி அண்மை ஆண்டுகளில் மீண்டும் நடைபெறுவது நல்லதுதான். இடையில் போன தலைமுறை போனதுதான்.

நிர்வாகமும் சில நேரம் தன் காலைத் தானே வெட்டிக்கொள்கிறது. 2021 மே மாதம் உயர்நிலைப் பயிற்சிக்கூட உரிமங்களை அறிவித்தபோது பிராட்ஃபோர்ட், காசில்ஃபோர்ட், ஹல் கே.ஆர். ஆகிய மூன்று கழகங்களுக்கும் முதலில் உரிமம் மறுக்கப்பட்டது. பிராட்ஃபோர்ட் மண்ணிலிருந்து எத்தனை வீரர்கள் வந்திருக்கிறார்கள் என்று அறிந்த எவரும் அதை நம்ப முடியாமல் பார்த்தார்கள். கடும் எதிர்ப்புக்குப் பிறகு அந்த முடிவு தளர்த்தப்பட்டது.

கணக்கர் அவர்கள் பென்ரித்தைப் பற்றிச் சொன்னதற்கு இங்கே இணையான கழகம் விகன். 2023 பட்டத்துக்குப் பிறகு பியர்ஸ்-பாலும் ஸ்மிதிஸும் போய்விட்டார்கள். ஆனாலும் 2024இல் விகன் நான்கு கோப்பைகளையும் வென்றது. அவற்றில் ஒன்று உலகக் கழகச் சாம்பியன் கோப்பை. பிப்ரவரியில் 16-12 என்ற கணக்கில் அங்கே தோற்றது பென்ரித்தான்!

பதில்: திடல்

ஒரு சிறுவர் கழகத்தில் தன்னார்வலராக அணி மேலாளர் வேலை பார்க்கிறேன். மேலே எழுதியவர்கள் மேலிருந்து பார்த்ததை நான் கீழிருந்து பார்க்கிறேன். கணக்கு ஒன்றுதான், தெரியும் பக்கம் வேறு.

நியூ சவுத் வேல்ஸில் படிகள் தெளிவானவை: 17 வயதுக்குட்பட்டோருக்கு ஹாரல்ட் மேத்யூஸ் கோப்பை, 19க்குட்பட்டோருக்கு எஸ்.ஜி. பால் கோப்பை, 21க்குட்பட்டோருக்கு ஜெர்சி ஃப்ளெக், அதன் மேல் நியூ சவுத் வேல்ஸ் கோப்பை, அப்புறம் என்.ஆர்.எல். இந்தப் படிகளில் பையன்கள் நழுவும் இடம் பெரும்பாலும் முதல் படிதான். 14 வயதிலேயே மீசை முளைத்துத் தோள் அகன்றவன் அந்த வயதில் எல்லோரையும் இடித்துத் தள்ளுவான்; தேர்வாளர்களின் கண் அவன் மீதுதான் விழும். ஒல்லியாக இருக்கும் பந்து கையாளத் தெரிந்த பையனை 'உடம்பு போதாது' என்று அனுப்பிவிடுவார்கள். 18 வயதில் இருவர் உடலும் சமமாகும்போது முன்னவனிடம் இடிப்பதைத் தவிர வேறு திறமை இருக்காது. பின்னவன் வேறு கழகத்தில் இருப்பான். தக்கவைக்கும் பேச்சே அவனைத் தாமே வெளியே அனுப்பிய கதையை மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, இடம். ஆட்டத்தை வழிநடத்தும் ஹாஃப்பேக் இடத்தில் ஆடும் ஒரு பையனின் முன்னால், 24 வயதில், நீண்ட ஒப்பந்தத்தோடு, காயமே படாத ஒருவர் முதல் அணியில் நிற்கிறார் என்றால், எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் அந்தப் பையன் இருக்க மாட்டான், இருக்கவும் கூடாது. ஒரு அணியில் இரண்டு ஹாஃப் இடங்கள்தான். பர்ட்டனின் கதை அதுதான். கிளியரியும் லுவாயும் இருக்கும்போது தமக்குரிய இடம் அவருக்கு அங்கே கிடைத்திருக்காது. 2021இல் அவர் சென்டர் இடத்தில்தான் ஆடினார். புல்டாக்ஸ் அவருக்குக் கொடுத்தது பணத்தோடு சேர்த்து அந்த இடத்தையும்தான்.

மூன்றாவது, குடும்பம். இன்று என்.ஆர்.எல். வீரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பசிபிக் தீவுகளின் வழிவந்தவர்கள். சமோவா, தொங்கா, ஃபிஜி வழிவந்த பல குடும்பங்களில் ஒரு மகனின் ஒப்பந்தம் அவனுடையது மட்டுமாக இருப்பதில்லை. பெற்றோரின் வீட்டுக் கடனும் தம்பி தங்கையரின் படிப்பும் தேவாலயத்துக்கான கடமையும் அதில் அடங்கியிருக்கின்றன. 18 வயதில் அவன் மேல் அவ்வளவு பாரம் ஏறும்போது, 'இன்னும் இரண்டு ஆண்டு குறைந்த சம்பளத்தில் பொறுத்திரு' என்று கழகம் சொல்வது எளிது, கேட்பது எளிதன்று. இதை விசுவாசக் குறைவு என்று ரசிகர்கள் பேசும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அதே கழகம் ஒரு முழங்கால் கிழிந்தால் அடுத்த ஒப்பந்தம் தருமா?

இளைஞர்களை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோவதன் விலையை இந்த ஆட்டம் ஒருமுறை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. 2008 முதல் 2017 வரை 20 வயதுக்குட்பட்டோருக்கு நாடு தழுவிய போட்டி நடந்தது. தொலைக்காட்சி வெளிச்சம், விமானப் பயணம், முதல் அணியோடு ஒரே அட்டவணை என்று எல்லாம் இருந்தும், அதன் பின் ஒப்பந்தம் கிடைக்காதவர்களின் நிலையும், ஊர் விட்டு வந்த பையன்களின் மனநலமும் கடுமையான கவலைக்குள்ளாயின. அது நிறுத்தப்பட்டு, மாநில அளவிலான போட்டிகளுக்குத் திரும்பியதில் நியாயம் இருக்கிறது. 18 வயது நிறையாதவர் என்.ஆர்.எல். ஆடக் கூடாது என்ற விதியும் அதே அக்கறையில் வந்ததுதான். 2021இல் ஜோசஃப் சுவாலிக்கு 17 வயதிலேயே விலக்குக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

செந்தூரன் அவர்கள் உறவினர் மகனைப் பற்றி: அழைக்கும் கழகத்திடம் சம்பளத்தைக் கடைசியாகக் கேளுங்கள். அவன் ஆடும் இடத்தில் அவனுக்கு மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களின் ஒப்பந்தங்கள் எப்போது முடிகின்றன என்று முதலில் கேளுங்கள். யார் வீட்டில் தங்குவான், அந்த வீட்டாரைக் கழகம் எப்படித் தேர்ந்தெடுத்தது, பள்ளிப் படிப்பையோ தொழிற்பயிற்சியையோ யார் கவனிப்பார்கள் என்பது அடுத்தது. இந்தக் கேள்விகளுக்கு முகவர் பதில் சொன்னால் போதாது. இளையோர் அணியின் பயிற்சியாளர் நேரில் சொல்ல வேண்டும்.

பதில்: எதிர்க்காற்று

எல்லோரும் கழகத்தின் துயரத்தையே பேசுவதால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். மெல்பர்ன் ஸ்டார்ம் கழகத்தைச் சுற்றி ரக்பி லீக் ஆடும் சிறுவர்கள் மிகக் குறைவு. அது குயின்ஸ்லாந்துப் பையன்களைக் கொண்டே ஒரு பெரும் பரம்பரையைக் கட்டியது. கேமரன் ஸ்மித், பில்லி ஸ்லேட்டர், கூப்பர் குரோங்க் மூவரும் அந்த மாநிலத்துக்காரர்கள்தான். பிரிஸ்பனில் இருந்த கழகம் அவர்களை விட்டுவிட்டது என்று குயின்ஸ்லாந்தில் இன்றும் புலம்புவோர் உண்டு. ஆனால் அந்த மூவரும் மெல்பர்னுக்குப் போனதால் ஆட்டத்துக்கு என்ன நட்டம்? வீரன் வளர்ந்தான், ஆட்டமும் வளர்ந்தது.

இனி இழுபறி கூடத்தான் செய்யும். 2027இல் பெர்த் பேர்ஸ் வருகிறது. 2028இல் பப்புவா நியூ கினி அணி வருகிறது. அத்தனை இடங்களுக்கும் ஆள் வேண்டும். யூனியனும் சும்மா இருக்கவில்லை: சுவாலி 2024 பருவம் முடிந்து அங்கே போய்விட்டார், மறுபுறம் மார்க் நவகானிதவாசே யூனியனிலிருந்து லீக் கழகமான சிட்னி ரூஸ்டர்ஸுக்கு வந்தார். ஆர்360 என்ற புதிய யூனியன் போட்டி ஆள் பிடிக்கத் தொடங்கியதும், அதில் சேருவோருக்குப் பத்து ஆண்டுத் தடை என்று 2025 அக்டோபரில் என்.ஆர்.எல். அறிவித்தது. டட்டியின் தீர்ப்பைப் பற்றி மேலே எழுதிய நண்பர் அந்தத் தடை நீதிமன்றத்தில் நிற்குமா என்று சொன்னால் நன்றாயிருக்கும்.

பதில்: நெறிமன்றம்

உறுதியாகச் சொல்ல மாட்டேன். 1971இல் செல்லாமற்போன விதி, ஒப்பந்தம் முடிந்தவரைப் பிடித்து வைத்தது. இந்தத் தடையோ, தானாகப் போனவரைத் திரும்ப வரவிடாமல் கதவைச் சாத்துகிறது. ஆட்டத்தின் நியாயமான நலனைக் காக்க அவ்வளவு நீண்ட காலம் தேவையா என்பதுதான் நீதிபதி கேட்கும் கேள்வியாக இருக்கும். பத்து ஆண்டு என்பது ஒரு வீரரின் முழு வாழ்நாள் தொழிலுக்குச் சமம். அதை நியாயப்படுத்துவது எளிதாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

பதில்: செந்தூரன்

இவ்வளவு விரிவான பதில்களுக்கு நன்றி. திடல் அவர்கள் சொன்னபடி பயிற்சியாளரை நேரில் சந்திக்கப் பெற்றோர் நாள் கேட்டிருக்கிறார்கள். ஒன்று மட்டும் தெளிவாக வேண்டும். புதிய கழகம் இரண்டு ஆண்டு ஒப்பந்தமும் மூன்றாம் ஆண்டுக்கு ஒரு தெரிவும் என்று சொல்கிறது. தெரிவு கழகத்துடையது. இதை ஏற்கலாமா?

பதில்: கணக்கர்

கழகத்தின் தெரிவு என்றால், அவன் நன்றாக ஆடினால் மூன்றாம் ஆண்டும் பழைய விலையிலேயே வைத்துக்கொள்வார்கள், ஆடாவிட்டால் விட்டுவிடுவார்கள். ஆபத்து முழுவதும் பையன் பக்கம். 17 வயதில் அவனால் பெரிதாகப் பேரம் பேச முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டு திருத்தங்களைக் கேட்கலாம். ஒன்று, தெரிவைப் பயன்படுத்துவதா இல்லையா என்பதைக் கழகம் முடிவு செய்யும் தேதியை முன்கூட்டியே வைக்கச் சொல்லுங்கள். பருவத்தின் கடைசி வாரத்தில் 'வேண்டாம்' என்றால் வேறு கழகம் தேட அவனுக்குக் காலம் இருக்காது. மற்றொன்று, முதல் அணியில் குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்டங்கள் ஆடிவிட்டால் மூன்றாம் ஆண்டின் சம்பளம் உயர வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டாவதற்கு ஒப்புக்கொள்ளாத கழகம் அவனை முதல் அணியில் ஆட வைக்கும் எண்ணத்தில் இருக்கிறதா என்று ஐயுற இடமுண்டு. கையெழுத்திடும் முன் வீரர் சங்கத்திடம் ஒப்பந்தத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டுவிடுங்கள். கழகம் பரிந்துரைக்கும் முகவரிடம் அல்ல.